துளையைப் பெரிதாக்காதீர்கள்: பழங்கால மணிகளையும் தாயத்துகளையும் நகையாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நகைக்கடை உரிமையாளர்களுக்கும் நகை வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். காங்கயத்தை ஒட்டிய ஊரில் கல் பதிக்கும் பட்டறை வைத்திருப்பவன் நான். என் தாத்தா உட்கார்ந்த மணையில்தான் நானும் உட்கார்ந்து வேலை செய்கிறேன். உங்களில் சிலர் அனுப்பும் வரைபடங்களுக்கு உருக்கொடுத்த கைகளில் என்னுடையவையும் உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். வெளியே நின்று குறை சொல்கிறவனாக என்னை எண்ண வேண்டாம்.

சில ஆண்டுகளாக ஒரு மோகம் வளர்ந்து வருகிறது. ‘ஈராயிரம் ஆண்டுப் பழமையான மணிகள்’ என்ற சீட்டோடு சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லும் படிகம் எனப்படும் பளிங்கும் கோர்த்த மாலைகள், பழைய தாயத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் வைரம் பதித்த பதக்கங்கள், பழைய முத்திரைக் கல்லைப் பெயர்த்துப் புதுத் தங்கத்தில் ஏற்றிய மோதிரங்கள். கண்காட்சிகளில் இவற்றுக்குத் தனி மேசையே போடுகிறார்கள். வாங்குகிறவர்களும் நல்லவர்கள்தான், பழமையின் மீது மெய்யான பிரியம் உள்ளவர்கள். அந்தப் பிரியமே பழமையை அழித்துக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நானே ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன்.

இருபது ஆண்டுகள் இருக்கும். வடிவமைப்பாளர் ஒருவர் பஞ்சில் சுற்றி எட்டு மணிகள் கொண்டுவந்தார். ஏழு சூதுபவளம், ஒன்று பளிங்கு. எங்கே கிடைத்தன என்று கேட்டேன். “நொய்யல் கரையில் யாரோ கொடுத்தார்கள்” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. பளிங்கு மணியின் துளை அகலமாக இருந்ததால் அது தப்பித்தது. சூதுபவளத்தின் துளைகளில் என் தங்கக் கம்பி நுழையவில்லை. பெரிதாக்கிவிடுங்கள் என்றார். வைரமுனை ஊசியை மாட்டி, தண்ணீரைச் சொட்டவிட்டு, ஒவ்வொன்றாகத் துளைத்தேன். கல் சிவப்பாக இருந்தாலும் அரைபடும்போது வழிவது பால்போன்ற வெள்ளை நீர்தான். ஆறு மணிகள் நல்லபடியாக முடிந்தன. ஏழாவது மணியில் ஊசி பாதி தூரம் போனபோது நகம் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மணி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட்டது.

அவர் வருத்தப்படவில்லை. “ஆறு போதும், நடுவில் தங்கக் குண்டு சேர்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி, துண்டுகளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவு அந்தத் துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். என் ஊசி போகாத பாதியில் பழைய துளை அப்படியே இருந்தது. துளைச் சுவர் முழுவதும் வளையம் வளையமாக நுண்கோடுகள். மணியின் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு விலகல், சின்னப் படிபோல. அந்த மணியைச் செய்தவர் ஒரு முனையில் பாதி துளைத்து, திருப்பிப் பிடித்து மறுமுனையிலிருந்து துளைத்து, இரண்டையும் நடுவில் சந்திக்க வைத்திருக்கிறார். இன்றும் சாணைக்காரர்கள் நீள மணியை அப்படித்தான் துளைக்கிறார்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. துளை வாயின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மழுங்கி வழவழப்பாக இருந்தது. நூல் ஆண்டுக்கணக்கில் உரசிய இடம் அது. யாரோ ஒருவர் அதை அணிந்துகொண்டு நடமாடியிருக்கிறார். மற்ற ஆறு மணிகளிலிருந்து என் கையாலேயே அரைத்து வெள்ளை நீராக வழியவிட்டது இவை எல்லாவற்றையும்தான்.

ஒரு மணியின் வரலாறு பெரும்பாலும் அதன் துளைக்குள் இருக்கிறது. ஆய்வாளர்கள் மணியின் துளைக்குள் சிலிக்கோன் செலுத்தி அச்செடுத்து, அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். துளைத்தது வைரத் துணுக்கு பதித்த ஊசியா, வேறு கல்முனையா, குழாய்போன்ற செப்புக் கருவியும் மணல்பொடியுமா என்று அந்த வரிகள் சொல்லிவிடும். கருவி தெரிந்தால் எந்த மரபைச் சேர்ந்த பட்டறை என்று தேடலாம். பட்டறை தெரிந்தால் கல்லும் கைவினைஞரும் பயணித்த வழி தெரியும். நகையாக்கும்போது நாம் முதலில் கைவைப்பது அந்தத் துளையில்தான். பிறகு அமிலத்தில் நனைத்துக் கழுவுகிறோம், மெருகேற்றுகிறோம். மேலே பளபளப்பு வருகிறது, உள்ளே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நொய்யல் கரை என்று அவர் சொன்னது எந்த ஊராக இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வரும் ஊர் இதுவே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அங்கிருந்து வந்த பொருளை ‘வினைமாண் அருங்கலம்’ என்கிறது அந்தப் பாட்டு. வேலைப்பாட்டால் சிறந்த அரிய அணிகலன் என்று பொருள். கல்லின் விலையைச் சொல்லாமல் கைவேலையைச் சொன்ன அந்தப் புலவருக்கு, ஒரு ஆசாரியாக நான் கடன்பட்டிருக்கிறேன்.

கொடுமணலில் 1985-இல் தொடங்கி தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், மாநிலத் தொல்லியல் துறையும் பல கட்டங்களாக அகழாய்வு செய்திருக்கின்றன. முடிந்த மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் அது வாங்கி அணிந்த ஊர் என்று சொல்லிவிடலாம். அங்கே உடைக்காத மூலக்கல், தட்டிப் பாதி உருவாக்கிய கல், மெருகேறாத மணி, துளைக்கும்போது உடைந்து எறிந்த மணி என்று எல்லாப் படிநிலைகளும் கிடைத்தன. அதனால்தான் அது மணி செய்த ஊர் என்று உறுதியாயிற்று. உடைந்த கழிவைக் கண்டுதான் பட்டறையைக் கண்டுபிடித்தார்கள். இதை நினைத்துப் பாருங்கள்: மேற்பரப்பில் கிடக்கும் அழகான மணியை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டால், நாளைக்கு வருகிற ஆய்வாளருக்கு மிஞ்சுவது பாதிக் கதைதான்.

பச்சைக்கல்லாகிய பெரில் கிடைக்கும் படியூரும், நீலக்கல் கிடைக்கும் சிவன்மலையும் கொடுமணலுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. பளிங்கும் பக்கத்துப் பூமியில் உண்டு. சூதுபவளம் மட்டும் இந்த மண்ணின் கல் இல்லை, குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நீலநிற லாபிஸ் கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்தது. இத்தனை தூரம் நடந்து வந்த கற்கள் ஒரே ஊரின் மண்ணடுக்கில் ஒன்றாகக் கிடந்ததால்தான் அந்த வழித்தடம் நமக்குப் புரிந்தது. ஒரே ஈமக்குழியில் மட்டும் 2220 சூதுபவள மணிகள் கிடைத்தன. அவற்றை யாராவது முதலில் கண்டு பத்துப் பத்தாகப் பிரித்து விற்றிருந்தால், 2220 என்ற எண் உலகத்துக்குத் தெரிந்திருக்காது. அங்கே படுத்திருந்தவருக்கு அந்த ஊர் கொடுத்த மரியாதையும் தெரிந்திருக்காது.

அரிக்கமேட்டின் கதையும் இங்கே பொருந்தும். புதுச்சேரிக்கு அருகே இருக்கும் அந்த இடத்தில் 1937 வாக்கில் ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் பிரெஞ்சு அறிஞர் ஜுவோ துப்ரே வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தவற்றுள் மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லும் இருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அடையாளம் கண்டார்கள். அந்தத் தடயம் அறிஞர்களின் கண்களை அரிக்கமேட்டின் பக்கம் திருப்பியது. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். கல் எந்த மேட்டில் கிடைத்தது என்று சொல்ல ஆள் இருந்ததால் ஒரு துறைமுகமே வெளியே வந்தது. அதே கல் ஒரு வணிகர் வழியாக ஏதோ ஒரு விரலுக்குப் போயிருந்தால், அது அழகான மோதிரம் என்பதோடு முடிந்திருக்கும்.

கரூரில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அமராவதி ஆற்று மணலில் பழைய காசுகளும் முத்திரை மோதிரங்களும் கிடைத்து வந்திருக்கின்றன. முத்திரை மோதிரத்தில் பெயரைக் கண்ணாடி எழுத்தாகத் தலைகீழாக வெட்டியிருப்பார்கள், அழுத்தினால் நேராக விழும். தமிழின் பழைய எழுத்தான தமிழியில் பெயர் பொறித்த மோதிரங்கள் அறிஞர் கைக்கு வந்து படிக்கப்பட்டன. வராதவை எத்தனையோ. வந்தவற்றுக்கும் ‘ஆற்று மணல்’ என்பதற்கு மேல் முகவரி இல்லை. எந்த அடுக்கு, கூட என்ன கிடந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இந்த வழக்கம் நம் ஊரில் பிறந்தது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 1922-இல் பண்டைய எகிப்து மன்னர் துட்டன்காமனின் கல்லறை திறக்கப்பட்ட பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் உச்சத்துக்குப் போனது. பாரிஸின் கார்ட்டியர் நிறுவனம் பழம்பொருள் வணிகர்களிடம் எகிப்தின் நீலநிறப் பழந்தாயத்துகளை வாங்கி, வைரமும் பிளாட்டினமும் சேர்த்து உடையில் குத்தும் ஊசியாகவும் பதக்கமாகவும் செய்தது. பின்னாளில் புல்கரி நிறுவனம் பண்டைய காசுகளைப் பதித்து மாலைகள் செய்தது. அவற்றின் வேலைப்பாட்டைப் படத்தில் பார்த்து வியந்தவன்தான் நான். ஆனால் இறந்தவரின் நெஞ்சில், அவருக்குத் துணையாக வைத்த தாயத்து அது. எந்தக் கல்லறை, யாருடைய நெஞ்சு என்று இன்று யாராலும் சொல்ல முடியாதபடி ஆகிவிட்ட தாயத்துகளும் அவற்றில் உண்டு. அந்த வைர வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டவில்லை. அவர்கள் செய்தார்களே என்று நாம் செய்ய வேண்டாம்.

உங்கள் விளம்பரங்களில் ‘காக்கும் சக்தி கொண்ட தொன்மையான மணி’ என்று எழுதுகிறீர்கள். தமிழில் காப்பு என்ற ஒரே சொல் கைவளையையும் குறிக்கும், பாதுகாவலையும் குறிக்கும். நம் முன்னோர் அணிந்த அணிகள் பலவும் காப்புகள்தான். ஈமக்குழியில் வைத்த மணி இறந்தவருக்குப் போட்ட காப்பு. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையாதவர்கள் நாம். சுடுகாட்டில் கிடக்கும் ஒரு காசைக்கூட எடுத்து மடியில் கட்டமாட்டோம். அப்படிப்பட்ட நாம், ஒருவரின் சவக்குழியைத் தோண்டி அவரோடு வைத்த மணியை எடுத்து மணப்பெண்ணின் கழுத்தில் போடுவதைப் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்கிறோம்? எனக்கு இது தாங்கவில்லை.

எல்லாம் அசல்தானா என்பதும் ஒரு கேள்வி. புது மணியை மணலோடு உருட்டி மங்கவைத்து, மண் பூசிப் பழசாக்குவது பட்டறைகளுக்குத் தெரியாத வித்தையில்லை. நீங்கள் விற்கும் மணி அசலாக இருந்தால் மண்ணிலிருந்து களவாடியது. போலியாக இருந்தால் வாடிக்கையாளரை ஏமாற்றியது. மூன்றாவது வழி இருந்தால் காட்டுங்கள்.

கடையில் தங்க நகை விற்பதற்குப் பெரும்பாலும் ஹால்மார்க் முத்திரையும், நகைக்கு நகை மாறுகிற ஆறு இலக்க அடையாளக் குறியும் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. தங்கத்தின் தரத்தை இத்தனை கவனமாகப் பதிவு செய்கிற நாம், அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் மணிக்கு மட்டும் ‘பழசு’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மண்ணுக்குள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. 100 ஆண்டுகளைக் கடந்த கைவினைப் பொருளைத் தொல்பொருளாகக் கருதுகிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். உரிமமில்லாமல் தொல்பொருளில் வணிகம் செய்யக்கூடாது, தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தூதஞ்சலில் அனுப்பும் மாலைக்கும் இது பொருந்தும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து நிறுத்துவதைவிட, கல்லை மதித்து நிறுத்துங்கள் என்றே கேட்கிறேன்.

பாட்டியின் பவளமாலையை அவிழ்த்துப் புது நூலில் கோர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அது வீட்டுப் பொருள், யார் கழுத்திலிருந்து யார் கழுத்துக்கு வந்தது என்று தெரிந்த பொருள். அந்த வேலையை மகிழ்ச்சியோடு செய்கிறேன். நகைக்கடைக்காரர்களிடம் எனக்கு இருக்கும் இன்னொரு வருத்தம் இங்கேதான் வருகிறது. ‘பழைய நகைக்குப் புது நகை’ என்று வாங்கிக் குவிக்கிறீர்களே, அதில் என்னென்ன உருகிப் போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் ஐம்படைத் தாலி ஒன்றை உருக்கக் கொண்டுவந்தார். சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்று திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் சின்னஞ்சிறிதாகச் செய்து குழந்தையின் கழுத்தில் கட்டும் காப்பு அது. சங்கப் பாடல்களிலேயே குழந்தைத் தாலி பேசப்படுகிறது. இவர் கொண்டுவந்ததில் சங்கு ஒரு பச்சரிசி அளவுதான் இருக்கும். அதற்குள் சுழி வெட்டியிருந்தார்கள். வில்லின் நாண் தனிக் கம்பியாக இழுத்துப் பற்றவைத்திருந்தது, பற்றவைத்த தடம் தெரியவில்லை. அந்தக் கம்பியை இழுக்க எனக்கு எத்தனை நாள் ஆகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். எடை போட்டால் இரண்டு கிராமுக்கு மேல் வராது. உருக்கினால் கிடைப்பது சில நாள் செலவுக்குத்தான் காணும் என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். யோசித்துவிட்டு எடுத்துப்போனார், பேரனுக்குக் கட்டியிருக்கிறார். கடையின் எடைத்தட்டில் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் அது உருக்கும் மூசைக்குள் போயிருக்கும்.

ஆகவே பழைய நகை எடுக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். உருக்குவதற்கு முன் ஐம்படைத் தாலி, பழைய தாயத்துக் கூடு, எழுத்துப் பொறித்த மோதிரம் போன்றவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். இருபுறமும் படமெடுங்கள். எந்த ஊர்க் குடும்பம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உரியவரிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அவர் விற்பதாகவே இருந்தாலும் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு உருக்குங்கள். ஒரு கடைக்கு இதனால் வரும் நட்டம் மிகச் சிறியது.

வடிவமைப்பாளர்களே, உங்களிடம் கேட்பது இதைவிட எளிது. வாங்குவதை நிறுத்துங்கள். யாராவது பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தால், எந்த ஊர், எந்த வயல் என்று கேளுங்கள், வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ கொடுக்கச் சொல்லுங்கள். மழை பெய்து ஓய்ந்த காட்டில் மணி பொறுக்கும் பிள்ளைகளை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்கள் கையில் பத்து ரூபாயைத் திணித்துப் பழக்குகிறவர்களால்தான் அந்த வேலை தொழிலாகிறது.

பிறகு எதை வைத்து நகை செய்வது என்று கேட்பீர்கள். காங்கயத்துக்கு வாருங்கள். காங்கயம், கரூர் பக்கத்துப் பூமியில் இன்றும் சந்திரகாந்தக்கல், செவ்வந்திக்கல், பச்சைக்கல், பளிங்கு கிடைக்கின்றன. சாணை பிடிக்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் வேலைதான் குறைந்துகொண்டே வருகிறது. ராசிக்கல் மோதிரத்துக்கு வெட்டுவதோடு அவர்கள் வித்தை முடங்கிக் கிடக்கிறது. கொடுமணலில் கிடைத்த மணிகளின் வடிவத்தை வரைந்து கொடுத்து, புதுக் கல்லில் செய்யச் சொல்லுங்கள். நீள்வடிவ அறுகோணப் பச்சைக்கல் மணி ஒன்றை நான் செய்து பார்த்திருக்கிறேன். துளைக்க மட்டும் ஒரு நாள் ஆயிற்று. இரண்டு முனையிலிருந்தும் துளைத்தேன். நடுவில் எனக்கும் மயிரிழை விலகியது.

சூதுபவளம் வேண்டுமென்றால் குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அதைச் சூடேற்றிச் சிவக்கவைத்து மணி செய்கிறார்கள். அங்கே வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கல்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயால் வதைபடும் தொழிலாளர்கள் அந்த ஊரில் உண்டு. தண்ணீர் விட்டுத் தேய்க்கும், தூள் உறிஞ்சும் வசதி உள்ள பட்டறையா என்று பார்த்து, அதற்கான விலையைக் கொடுங்கள். பழைய மணிக்கு நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையில் பாதி இருந்தாலே போதும்.

ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் இருந்தார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை சீறியபோது இறந்தவர். இந்தியர்களுக்கு நீண்ட பெரில் கற்கள் மீது அளவற்ற விருப்பம் என்றும், தங்கம் சேராமல் இருப்பதே அழகு என்று அவர்கள் சொல்லும் ஒரே கல் அதுதான் என்றும், அதனால் அதைத் துளைத்து யானை மயிரில் கோர்த்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பச்சைக்கல் எங்கள் படியூர்ப் பக்கத்துக் கல்லாகவும் இருந்திருக்கலாம் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நானோ தங்கக் கம்பி நுழையவில்லை என்பதற்காகப் பழைய சூதுபவளத்தின் துளையைப் பெரிதாக்கினேன்.

பிளந்துபோன அந்த இரண்டு துண்டுகளும் என் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கப் போகிறேன். எப்படிக் கிடைத்தது, என்ன செய்தேன் என்று எழுதிக்கொடுத்தே ஒப்படைப்பேன். அதற்கு முன் உங்களில் யாராவது பட்டறைக்கு வந்தால் உருப்பெருக்கியில் காட்டுகிறேன். ஒரு பாதியில் என் ஊசி போன தடம் வெறும் வழவழப்பாக இருக்கும். மறுபாதியில் அந்த மணியைச் செய்தவருடைய வரிகள் இருக்கின்றன.

அன்புடன்,
காங்கயம் பகுதியின் கல் பதிக்கும் ஆசாரி ஒருவன்